மே மாதத்து மைதானம்

இன்று காலை கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் போண்டா வாசனை வந்தது. கூடவே ஏ.சி. ஓடத் தொடங்கும்போது வருகிற ஈரத்துணி வாசனை. கல்யாணம் ஏதும் இல்லை. மணமக்கள் உட்காரும் நாற்காலிகளைத் தூக்கிவிட்டு மேடையில் நீள மேசை போட்டிருந்தார்கள். வெள்ளை விரிப்பு, தண்ணீர் பாட்டில்கள், பின்னால் 'மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்' என்று பேனர், முன்னால் பூச்சுற்றிய குத்துவிளக்கு. ஓர் ஏரியைக் கட்டட மனையாக மாற்றலாமா என்று கேட்கப் போகிறார்கள், அதற்கு விளக்கேற்றித் தொடங்குகிறார்கள். நீ பக்கத்தில் இருந்திருந்தால் என் முழங்கையை இடித்திருப்பாய். "மாமி, பொணத்துத் தலமாட்டுல கூட வெளக்கு ஏத்துவாங்கோ, தெரியுமில்ல?" என்று மேடைக்குக் கேட்கிற மாதிரியே சொல்லியிருப்பாய்.

நீ இல்லை. போன தை மாதம் போய்விட்டாய். அதனால் உன் அம்மாவை அழைத்துக்கொண்டு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன். ஒரு பையன் தட்டில் போண்டாவும் சட்னியும் கொண்டுவந்து நீட்டினான். வேண்டாம் என்றேன். இந்தக் கூட்டங்களில் எதையும் சாப்பிடக் கூடாது என்பது நீ போட்ட சட்டம். "துன்னா, 'பொதுமக்கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்'னு எய்திடுவானுங்கோ. பசிச்சா வெளிய போய்த் துன்னுக்கலாம், வா மாமி."

மாமி என்று என்னை முதலில் கூப்பிட்டது நீதான். கல்யாணமே ஆகாத என்னை! மயிலாப்பூரிலிருந்து வருகிறேன், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்கிறேன், அது போதும் உனக்கு. தி. நகரில் நகைக்கடைக்குப் பின்பக்கச் சந்தில் மூன்றாம் மாடியில் இருந்தது நம் கம்பெனி. பெரிதாகக் கட்டடம் கட்டுகிறவர்கள் அனுமதிக்குப் போகும்போது, அந்த இடத்தில் கட்டினால் மண்ணுக்கும் நீருக்கும் சுற்றியிருக்கிற மனிதர்களுக்கும் என்ன ஆகும் என்று ஓர் அறிக்கை கொடுக்க வேண்டுமே, அந்த அறிக்கையைத் தயாரித்துக் கொடுப்பதுதான் நம் தொழில். ஒன்றும் ஆகாது என்பதைத் தலையணைப் பருமனில் எழுதிக் கொடுப்போம். நான் வரைபடங்கள் போடுகிறவள். நீ விலங்கியல் படித்துவிட்டு வந்தவள். அந்த இடத்தில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்ற அத்தியாயம் உன்னுடையது.

எம்.டி.யை நினைத்துக்கொள்கிறேன். சுற்றுச்சூழல் தினம் வந்தால் அவர் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். வராந்தாவில் இருந்த மண்தொட்டியில் ஒரு வேப்பங்கன்றை வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்வார். அதற்கு நேர் மேலே ஏ.சி. பெட்டி வெந்நீர்ச் சூட்டில் காற்றை ஊதிக்கொண்டிருக்கும். ஒரு வாரத்தில் கன்று கருகும். அடுத்த வருடம் அதே தொட்டி, வேறு கன்று. "இந்த ஆபீஸ்ல பர்மனெண்ட்டா கீறது அந்தத் தொட்டி ஒண்ணுதான் மாமி" என்பாய். அந்த மனிதர் மேடைகளில் பூமித்தாயைப் பற்றிப் பேசுவார், பேசும்போது குரல் தழுதழுக்கும். அதைத்தான் என்னால் கடைசிவரை தாங்க முடியவில்லை. திருடுகிறவன் திருடிவிட்டுப் போகலாம், எதற்கு அழ வேண்டும்?

இடத்தைப் பார்க்க நாம் கிளம்புவது எப்போதும் மே மாதத்தில்தான். மழைக்காலம் நீங்கலாக ஏதாவது ஒரு பருவத்தின் தகவல் போதும் என்பது விதி. விதியை எழுதியவர்கள் எந்த ஊரை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதினார்களோ தெரியவில்லை. மழை பெய்தால் மூழ்கி, நின்றால் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடுகிற நம் ஊரை நிச்சயமாக நினைத்திருக்க மாட்டார்கள். நம் கம்பெனியோ அந்த விதியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. தை மாசியில் போனால்கூடக் கொஞ்சம் ஈரம் இருக்கும், கொக்கு நிற்கும், அதை எழுத வேண்டியிருக்கும். மே மாதத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஏரி வெடித்துக் கிடக்கும், கால்வாய் ஒற்றையடிப் பாதை மாதிரி தெரியும். "மே மாசம்னா எல்லாமே க்ளீனா இருக்கும்" என்பார் எம்.டி.

அப்படித்தான் ஒரு மே மாதத்தில் உங்கள் தாங்கலுக்குப் போனோம்.

அடையாற்றுக்குத் தெற்கே, உங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிறது அது. சின்ன ஏரி. பெரிய ஏரி வழிந்தால் அந்தத் தண்ணீரைத் தாங்கிக்கொள்வதற்காக ஒரு காலத்தில் யாரோ யோசித்து வெட்டிவைத்தது. சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தை ஒட்டிய சந்தில் பிறந்து, மழைக்கு மழை பாத்திரங்களைப் பரண்மேல் ஏற்றி வளர்ந்தவள் நீ. தண்ணீர் வராத இடமாகப் பார்த்து உன் அப்பா அந்தத் தெருவில் வீடு கட்டினார். எவ்வளவு மழை பெய்தாலும் அந்த வட்டாரத்துத் தண்ணீர் முதலில் தாங்கலுக்குத்தான் போகும். தாங்கலை மூடிவிட்டால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை, நேரே உங்கள் வீட்டுக் கூடத்துக்குத்தான் வர வேண்டும். இது உங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். எம்.டி.க்கும் தெரியும் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

நாம் போன அன்று தாங்கல் வறண்டு கிடந்தது. நடுவில் செங்கல்லை அடுக்கி ஸ்டம்ப் வைத்துப் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நம்மோடு வந்த இளம் பொறியாளர், தலையில் மஞ்சள் ஹெல்மெட், வெட்டவெளியில் அவர் தலையில் எது விழும் என்று எதிர்பார்த்தாரோ, பல கோணங்களில் போட்டோ எடுத்துக்கொண்டார். அறிக்கை வந்தபோது அதில் இப்படி இருந்தது: 'இவ்விடம் உள்ளூர் இளைஞர்களால் விளையாட்டு மைதானமாகப் பயன்படுத்தப்பட்டு வருகிறது. நீர்நிலை எதுவும் தென்படவில்லை.' கட்டடம் வந்தால் ஏற்படும் பாதிப்பு என்ற இடத்தில் 'விளையாட்டு மைதானம் இழப்பு' என்று போட்டிருந்தது. அதற்குப் பரிகாரமும் சொல்லியிருந்தார்கள். கட்டப்போகிற ஷாப்பிங் மாலின் மொட்டை மாடியில் வலை கட்டி ஒரு கிரிக்கெட் தளம் அமைத்துத் தரப்படுமாம், மணிக் கணக்கில் வாடகைக்கு. அதைப் படித்துவிட்டு நீ சிரித்த சிரிப்பில் அக்கவுண்ட்ஸ் பெண் அடுத்த அறையிலிருந்து ஓடிவந்தாள்.

நான் தாங்கலை நீலத்தில் வரைந்து கொடுத்திருந்தேன். அச்சுக்குப் போனபோது அது பச்சையாகியிருந்தது. போய்க் கேட்டேன். "நீலம் போட்டா பாக்கறவங்களுக்குக் குழப்பம் வரும்மா. பச்சைன்னா கண்ணுக்கும் குளிர்ச்சியா இருக்கு பாருங்க" என்றார் எம்.டி. என் பின்னாலேயே நீயும் வந்து நின்றாய்.

"சார், அது ஏரி. என் வூட்டுக்குப் பின்னால கீது. ஐப்பசில வாங்க, நானே இட்டுகினு போய்க் காட்றேன்."

"இருக்கலாம்மா. நாம ஆய்வு பண்ணும்போது இல்லையே."

"நீங்க தூங்கும்போது வந்து பாத்தா நீங்களுந்தான் பொணமாட்டம் கெடப்பீங்கோ. தூக்கினு போய் எரிச்சிர்லாமா?"

அந்த அலுவலகத்தில் நீ கடைசியாகப் பேசியது அது. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாய். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். துணிக்கடைப் பைகளோடு போகிற கூட்டத்துக்கு நடுவில் நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்குப் போய்க்கொண்டிருந்தாய். எனக்குப் பொறாமையாக இருந்தது.

அந்த வருடம் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு போனாய். புடவையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு கரையில் நின்றேன். பையன்கள் ஆடிய இடம் எங்கே என்று தெரியவில்லை. கரைக்குக் கரை தண்ணீர், காற்றில் அலையடித்துக்கொண்டு. நீர்க்காகங்கள் பட்டுப்போன மரத்தில் இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. முக்குளிப்பான் என்று நீ காட்டிய ஒன்று மூழ்கி மூழ்கி எழுந்தது. ரொம்ப அழகாக இருக்கிறதே என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"அயகு கெடக்கட்டும் மாமி. கேமராவ மாட்டிக்கினு வர்றவங்கோ கூட அதான் சொல்றாங்கோ. எனுக்குப் பறவ இருந்தா சந்தோசம், இல்லாங்காட்டி வருத்தம், அவ்ளோதான். எங்கம்மா கட்டிலு நனையக் கூடாது. அதுக்குத்தான் நான் கத்தினு கீறேன்."

அடுத்த வருடம் முதலாவது கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. அதுவும் மே மாதம்தான். சர்க்கார் பதிவேட்டில் நீர்நிலையாக இருக்கிற இடத்தைக் குடியிருப்பும் வணிகமும் வரலாம் என்று மாற்றுவதற்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்கள். நீ எழுந்து மேடையைப் பார்த்துப் பேசவே இல்லை. கடைசி வரிசையில் போண்டா தின்றுகொண்டிருந்த கிரிக்கெட் பையன்களைப் பார்த்துத் திரும்பினாய். "ஏம்பா, ஐப்பசில மேட்ச் எங்க ஆடுவீங்கோ?" என்று கேட்டாய். ஒருவன் வாய் நிறைய வைத்துக்கொண்டு, "ஐப்பசிலயா? இன்னாக்கா நீ, கழுத்து மட்டும் தண்ணி கீதுமே, எப்டி ஆடுறது?" என்றான். மண்டபமே சிரித்தது. மேடையில் இருந்தவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. உன் ஆட்சேபத்தை எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் மழைக்காலத்தில் ஒருவர் நேரில் வந்து பார்த்தாக வேண்டும். அதற்கு எவருக்கும் மனம் வரவில்லை. வருடா வருடம் தாங்கல் நிரம்பியதும் நீ கூட்டம் நடத்திய அதிகாரிகளின் அலுவலகத்துக்கு போன் செய்து, வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி, "தண்ணி வந்துட்ச்சு சார், குடும்பத்தோட வாங்கோ" என்பாய். ஒருவரும் வரவில்லை. தாங்கலும் தப்பித்துக் கிடந்தது.

உங்கள் தெருக்காரர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லாமல் இருப்பதே மரியாதை. ஆனால் நான் சொல்வேன். மால் வந்தால் சதுர அடிக்கு விலை ஏறும் என்று உன் எதிர் வீட்டுக்காரர் உன்னிடம் வந்து சண்டை போட்டார். "ஏறும் நைனா. தண்ணியும் கூடச் சேந்து ஏறும். மாடில குந்திக்கினு ரெண்டுத்தையும் பாரு" என்று அனுப்பினாய். அவர் வீடு மாடி வீடு, கீழே குடித்தனக்காரர்கள். நனைவது அவர்கள் பாய்தானே, அவருக்கு என்ன வந்தது?

மார்கழியில் வயிற்று வலி என்று படுத்தாய். தை முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் வீட்டு வாசலில் எம்.டி. ரோஜா மாலையோடு வந்து இறங்கினார். உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இயற்கைமேல உயிரையே வெச்சிருந்தாங்கம்மா. அவங்க பேர்ல ஒரு செடி வைக்கணும்" என்றார். வழக்கம்போலக் குரல் தழுதழுத்தது. உன் அம்மா ஒன்றும் புரியாமல் அவரையே பார்த்தாள். நீ கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தாய், எழுந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாயா என்று எனக்கு வெறியே வந்தது. அன்றைக்கு நான் அழவில்லை. ஆத்திரம் வந்தால் எனக்கு அழுகை வராது என்பது உனக்குத் தெரியும். பத்து நாள் கழித்து மயிலாப்பூர் குளத்தோரம் கீரை வாங்கிக்கொண்டிருக்கும்போது அழுகை வந்தது. கீரைக்காரி என்னம்மா என்னம்மா என்றாள். அவளிடம் என்ன சொல்வது?

மூன்று மாதம் பொறுத்தார்கள். சித்திரை வெயில் ஏறித் தாங்கல் காய்ந்ததும் கூட்டம் அறிவித்தார்கள்.

இன்றைக்கு வேறு கம்பெனி, வேறு பையன், கழுத்தில் டை. திரையில் வானத்திலிருந்து எடுத்த படம் காட்டினான். பழுப்பாக வெடித்த தரை, நடுவில் கிரிக்கெட் பிட்ச். அதன்மேலேயே மாலும் அடுக்கு வீடுகளும் எழும்பி, அவற்றைச் சுற்றிப் புல்வெளி முளைத்து, ஓர் ஓரத்தில் நீலமாக ஒரு செயற்கை நீரூற்று. அவர்களுக்கு நீலம் போடத் தெரியாமல் இல்லை. எங்கே போடுவது என்பதில்தான் அவர்களுக்குக் கவனம். மழை பெய்தால் என்ன ஆகும் என்று யாரோ கேட்டதற்கு, கட்டடத்துக்கு அடியில் மழைநீர்த் தொட்டி வருகிறது என்றான். ஓர் ஏரியை மூடிவிட்டு அதற்கடியில் தொட்டி கட்டுகிறவனைப் பார்த்துக் கூட்டம் தலையாட்டியது.

பிறகு அதிகாரி எழுந்தார். நல்ல மரியாதையான மனிதர். காகிதத்தைப் பார்த்து வாசித்தார்: "முன்பு பெறப்பட்ட ஒரே ஆட்சேபம், ஆட்சேபித்தவர் காலமாகிவிட்டபடியால் இத்துடன் முடித்துவைக்கப்படுகிறது." நிறுத்திவிட்டு, "அன்னாரது ஆன்மா சாந்தியடையட்டும்" என்று சேர்த்துக்கொண்டார். அது காகிதத்தில் இல்லை, அவராகச் சொன்னது.

உன் அம்மா என் பக்கம் சாய்ந்தாள். "எம் பொண்ணப் பத்தியா சொல்றாரு?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு நான் எழுந்தேன்.

"ஒரு நிமிஷம் சார். அவ போய்ட்டா, வாஸ்தவம். தாங்கல் எங்கயும் போகலையே. அங்கயேதானே இருக்கு?"

"மேடம், ஆட்சேபம்னா அதைச் சொல்றதுக்கு ஒருத்தர் இருக்கணும் இல்லையா?"

"நான் இருக்கேனே. அவ சொன்னதையேதான் நானும் சொல்றேன். ஐப்பசியில வந்து பாருங்கோ. என் பேரை எழுதிக்கோங்கோ."

"நீங்க எந்தத் தெரு?"

"மயிலாப்பூர்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை, வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "தாராளமா நீங்க கருத்து சொல்லலாம் மேடம். ஆனா ஆட்சேபம் பாதிக்கப்படற தெருவுல குடியிருக்கறவங்கதான் பண்ண முடியும்" என்றார். நான் உங்கள் தெருக்காரர்களைத் திரும்பிப் பார்த்தேன். எதிர் வீட்டுக்காரர் கைபேசிக்குள் தலையை விட்டுக்கொண்டார். அவருடைய கீழ் வீட்டுக் குடித்தனக்காரர் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், பாவம், தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். வேறு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன்.

முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உன் அம்மா எழுந்தாள். எத்தனையோ கூட்டங்களுக்கு உன்னோடு வந்து ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தவள்.

"அந்தம்மா எங்க வூட்லதான் கீது."

"அப்படியாம்மா? வாடகைக்கா?"

"வாடகிலாம் இல்ல. சும்மா கீது. எம் பொண்ணு ரூம்புல."

"எப்பலேர்ந்து?"

"எம் பொண்ணு போனதுலேர்ந்து. எய்திக்கோ."

அதிகாரி என்னைப் பார்த்தார். ஆமாம் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அவர் எழுதி முடிக்கும்வரை உன் அம்மா உட்காரவில்லை. இதைப் பற்றி நாங்கள் அதற்கு முன்னால் ஒரு வார்த்தை பேசியதில்லை. பொய் சொன்னவளிடம் ஒரு படபடப்பும் இல்லை.

ஆட்டோவில் உன் அம்மாவைக் கொண்டுவந்து வீட்டில் விட்டேன். விட்டுவிட்டுக் கிளம்பவில்லை. இங்கிருந்தே அண்ணாவுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "ஒனக்கென்ன பைத்தியமா? நம்மாத்தை விட்டுட்டு, இந்த வயசுல அந்தப் பள்ளத்துல போய் இருந்துண்டு என்ன பண்ணப் போறே? மழை வந்தா?" என்று கத்தினான். மழை வரும்போது இங்கே இருக்க வேண்டும், அதற்காகத்தான் என்றேன். மன்னி போனை வாங்கி என் மாத்திரைகளை யாரிடம் கொடுத்தனுப்புவது என்று மட்டும் கேட்டாள். நாளை மறுநாள் குட்டியானை வண்டியில் என் சாமான்கள் வந்து இறங்கும்.

உன் அறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உன்னிடமிருந்து நான் பறவைகளைக் கற்றுக்கொள்ளவில்லை, இப்போதும் எது நீர்க்காகம் எது காகம் என்று நீ பக்கத்தில் இருந்து சொன்னால்தான் தெரியும். உன் வாய் எனக்கு வராது. மேடையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்ததும் உன் உதடு ஒரு பக்கமாகக் கோணுமே, அது மட்டும் என்னிடம் வந்துவிட்டது. இன்று அந்த டை கட்டிய பையன் என் முகத்தைப் பார்த்துப் பேச்சை மறந்து ஒரு கணம் தடுமாறினான். உனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

உன் அம்மா இப்போதுதான் வந்து எட்டிப் பார்த்தாள். கட்டிலுக்கு விரிப்பு மாற்றிப் போட்டாள். "சன்னலாண்ட கீது, மழ வந்தா மூஞ்சில சாரலு அடிக்கும். இந்தாண்ட தள்ளிப் போட்டுக்கிறியாம்மா?" என்று கேட்டாள்.

அங்கேயே இருக்கட்டும் என்றேன். மழை வந்துவிட்டது என்று இந்தத் தெருவில் முதலில் எனக்குத் தெரிய வேண்டும்.